ரத்தப் புற்றுநோயை வென்ற சிகிச்சை மூளைக்கட்டியிலும் வேலை செய்யுமா? 11 நோயாளிகளின் கணக்கு சொல்வது என்ன?

நிலவில் முதன்முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கு கேரன் என்று ஒரு மகள் இருந்தாள். 1961-ல் அவளுடைய மூளைத்தண்டில் கட்டி இருப்பது தெரியவந்தது. கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். 1962 ஜனவரியில், மூன்று வயது நிறைவதற்கு முன்பே அவள் இறந்துபோனாள். ஏழு ஆண்டுகள் கழித்து அவளுடைய அப்பா நிலவில் நடந்தார்.

மூளைத்தண்டில் வரும் அந்தக் கட்டியை இன்று 'டிஐபிஜி' என்கிறார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூட வயதுக் குழந்தைகளுக்கு வருவது. இன்றைக்கும் ஒரு குழந்தைக்கு இது உறுதியானால், டாக்டர்கள் முதலில் கொடுப்பது கதிர்வீச்சுதான். மெஷின்கள் நவீனமாகிவிட்டன, குறி துல்லியமாகிவிட்டது. ஆனால் முடிவு பெரிதாக மாறவில்லை. கட்டி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பாதிப் பேர் ஓராண்டைக்கூடத் தாண்டுவதில்லை. ஐந்து ஆண்டுகள் உயிரோடு இருப்பவர்கள் நூற்றில் ஒன்றிரண்டு பேர் இருந்தாலே அதிகம்.

இந்தப் பின்னணியில்தான் 2024 நவம்பரில் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்த ஒரு ஆய்வு உலகம் முழுக்க செய்தியானது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 11 நோயாளிகளுக்கு 'கார்-டி' என்ற இம்யூனோதெரபி கொடுக்கப்பட்டது. அதில் ஒருவருக்குக் கட்டி முழுசாக மறைந்துவிட்டது.

இந்த மாதிரி செய்தி நம் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கு வரும்போது 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு' என்று ஆகிவிடுகிறது. அதை நம்பி வீட்டை விற்கலாமா என்று யோசிக்கிற நிலையில் ஒரு குடும்பம் எங்கேயோ இருக்கும். அவர்களுக்குத் தேவை சரியான கணக்கு. அதைப் பார்ப்போம்.

கார்-டி என்றால் என்ன?

நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, டி செல்கள். வைரஸ் தாக்கிய செல்களைத் தேடிப்பிடித்து அழிப்பது அவற்றின் வேலை. ஆனால் புற்றுநோய் செல் என்பது வெளியாள் இல்லை. நம் உடம்பிலேயே பிறந்து, தடம் மாறிப்போன செல். அதனால் டி செல்கள் பல நேரம் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

கார்-டி சிகிச்சையில் நோயாளியின் ரத்தத்தில் இருந்து டி செல்களைப் பிரித்து எடுக்கிறார்கள். தீங்கு செய்யாதபடி மாற்றப்பட்ட ஒரு வைரஸ் மூலம் அவற்றுக்குள் புதிய மரபணு ஒன்றை அனுப்புகிறார்கள். அதன் பிறகு டி செல்லின் மேல் ஒரு 'கொக்கி' முளைக்கிறது. புற்றுநோய் செல்லின் மேல் இருக்கும் குறிப்பிட்ட அடையாளத்தில் மட்டும் அது போய் மாட்டிக்கொள்ளும். இப்படி மாற்றிய செல்களை லேபில் பல மடங்கு பெருக்கி, அதே நோயாளிக்குத் திரும்ப ஏற்றுகிறார்கள். ஒருவருக்குச் செய்ததை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. மருந்துக் கடையில் வாங்குகிற விஷயம் இல்லை இது, டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைக்கிற சட்டை மாதிரி.

ரத்தப் புற்றுநோயில் இதற்குக் கிடைத்த அடையாளம் 'சிடி19'. பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களின் மேல் இது இருக்கும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் லுகேமியா இந்த பி செல்கள் தடம் மாறுவதால்தான் வருகிறது. 2012-ல் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இந்தச் சிகிச்சை தரப்பட்டது. இதைப் பெற்ற முதல் குழந்தை அவள்தான். கீமோதெரபி கைவிட்ட நிலையில் இருந்தவள், குணமாகி இன்று இளம்பெண்ணாக இருக்கிறாள். 2017 ஆகஸ்டில் அமெரிக்க அரசு முதல் கார்-டி சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். சிடி19 நல்ல பி செல்களிலும் இருக்கிறது. அதனால் கார்-டி செல்கள் நல்லது கெட்டது பார்க்காமல் இரண்டையும் அழிக்கின்றன. ஆனால் பி செல் இல்லாமலும் மனிதனால் வாழ முடியும். அவை உருவாக்கித் தரும் எதிர்ப்புப் புரதங்களை வெளியில் இருந்து ஊசி மூலம் ஏற்றிவிடலாம். லுகேமியாவில் இந்தச் சிகிச்சை ஜெயித்ததற்கு இதுவும் முக்கியக் காரணம். மூளையில் இந்தச் சலுகை கிடையாது. மூளை செல்களுக்கு மாற்று ஊசி இல்லை.

யார் இந்த கிரிஸ்டல் மக்கால்?

ஸ்டான்ஃபோர்ட் ஆய்வின் பின்னால் இருக்கும் முக்கியமான இருவரில் ஒருவர் டாக்டர் கிரிஸ்டல் மக்கால். குழந்தைகள் புற்றுநோய் மருத்துவர், நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் நீண்டகாலம் வேலை பார்த்துவிட்டு 2016-ல் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தவர். இன்னொருவர், மூளைக்கட்டி ஆய்வாளர் டாக்டர் மிஷெல் மோன்ஜே.

மக்காலின் வேலையை ஒரே வரியில் சொன்னால், கார்-டி எங்கே எங்கே தோற்கிறது என்று பார்த்து அந்த ஓட்டைகளை அடைப்பது. மூளைக்கட்டி ஆய்வைப் புரிந்துகொள்ள அவர் முதலில் லுகேமியாவில் பார்த்த தோல்விகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோல்வி 1: எதிரி சட்டையை மாற்றிவிட்டால்?

2015-ல் மக்கால் குழு 'லான்செட்' இதழில் வெளியிட்ட முடிவுகளின்படி, சிடி19 கார்-டி சிகிச்சைக்கு வந்த 21 குழந்தைகள், இளைஞர்களில் 14 பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. வேறு வழியே இல்லாத நிலையில் வந்தவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் இந்தச் சிகிச்சையில் குணமானவர்களில் சிலருக்கு நோய் திரும்பி வந்தது. பரிசோதித்தால், திரும்பி வந்த புற்றுநோய் செல்கள் பலவற்றில் சிடி19 அடையாளமே இல்லை. போலீஸ் சிவப்புச் சட்டைக்காரனைத் தேடுகிறது என்றால், அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டான். அவ்வளவுதான்.

அதனால் குழு 'சிடி22' என்ற வேறொரு அடையாளத்தைக் குறிவைத்தது. 2018-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த முடிவில், போதுமான அளவு செல்கள் ஏற்றப்பட்ட 15 பேரில் 11 பேருக்கு நோய் தணிந்தது. சிடி19-ஐ இழந்திருந்தவர்களும் அதில் உண்டு.

சந்தோஷம் நீடித்ததா? பாதிப் பேருக்கு ஆறு மாதம்தான். இந்த முறை புற்றுநோய் செல்கள் அடையாளத்தை முழுசாகக் கழற்றக்கூட இல்லை. எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டன. கொக்கி மாட்டப் போதாத அளவுக்குக் குறைந்தால் அவை தப்பித்துவிடுகின்றன. ஒரே அடையாளத்தை மட்டும் நம்பினால் ஆபத்து என்ற பாடம் இங்கே கிடைத்தது.

தோல்வி 2: டி செல்லுக்கும் 'பர்ன்-அவுட்' வருமா?

வரும். ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

டி செல்கள் ஓய்வில்லாமல் சிக்னல் வாங்கிக்கொண்டே இருந்தால் களைத்துப்போகின்றன. உயிரோடு இருக்கும், ஆனால் வேலை செய்யாது. 2015-ல் மக்கால் லேப் கவனித்தது இதைத்தான். சில கார்-டி செல்களின் மேல் இருக்கும் கொக்கிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எதிரியே இல்லாதபோதும் 'தாக்கு, தாக்கு' என்று உள்ளே சிக்னல் அனுப்பிக்கொண்டே இருந்தன. சண்டை ஆரம்பிக்கும் முன்பே படை சோர்ந்துவிட்டது.

இதற்கு மக்கால் லேப் தேடிய தீர்வுகளில் இரண்டு முக்கியமானவை. 2019-ல், 'சி-ஜூன்' என்ற புரதத்தை டி செல்களில் அதிகமாக்கினால் அவை சீக்கிரம் களைப்பதில்லை என்று எலிகளில் காட்டினார்கள். 2021-ல் இன்னும் எளிமையான ஒரு யோசனை. செல்களுக்குக் கொஞ்ச நாள் லீவு கொடுத்தால் என்ன? 'டாசாடினிப்' என்ற மருந்தால் சிக்னலைத் தற்காலிகமாக நிறுத்தியபோது, களைத்துப்போன செல்கள் மறுபடி தெம்பாகின. அந்த மருந்து புதுசு இல்லை. வேறொரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்கனவே கொடுக்கப்படும் மாத்திரைதான்.

தோல்வி 3: மூளை என்ற மூடிய பெட்டி

இப்போது டிஐபிஜிக்கு வருவோம். இந்தக் கட்டி உருண்டையாக இருக்காது. மூளைத்தண்டின் நல்ல செல்களுக்கு நடுவே, மணலில் கொட்டிய சர்க்கரை மாதிரி கலந்து கிடக்கும். மூச்சு, இதயத்துடிப்பு, விழுங்குவது எல்லாவற்றையும் நடத்துகிற இடம் அது. வெட்டி எடுக்க வழியே இல்லை.

மோன்ஜேவின் லேபில் இந்தக் கட்டியின் செல்களை வளர்க்க முடிந்ததே, இறந்துபோன குழந்தைகளின் கட்டித் திசுவைப் பெற்றோர்கள் ஆய்வுக்குக் கொடுத்ததால்தான். அந்த செல்களின் மேல் 'ஜிடி2' என்ற மூலக்கூறு மிக அதிகமாக இருப்பதை மோன்ஜே, மக்கால் குழுக்கள் சேர்ந்து கண்டுபிடித்து 2018-ல் வெளியிட்டன. சர்க்கரை ஒட்டிய ஒருவகைக் கொழுப்பு அது. இந்தக் கட்டிகள் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு மரபணு எழுத்துப் பிழை பொதுவாக இருக்கிறது. அந்தப் பிழை உள்ள கட்டிகளில்தான் ஜிடி2 இப்படிக் குவிந்திருக்கிறது. நல்ல மூளை செல்களில் அது குறைவு.

ஜிடி2-ஐக் குறிவைக்கும் கார்-டி செல்களை எலிகளுக்கு ஏற்றியபோது கட்டி கிட்டத்தட்ட துடைத்து எடுக்கப்பட்டது. ஆனால் சில எலிகள் செத்துப்போயின. காரணம் வீக்கம்.

எங்கே சண்டை நடந்தாலும் வீக்கம் வரும். கையில் கட்டி வந்தால் கை வீங்கும், அவ்வளவுதான். மண்டையோட்டுக்குள் வீங்க இடம் இல்லை. மருந்து நன்றாக வேலை செய்வதே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதனால் மனிதர்களிடம் 2020-ல் பரிசோதனை தொடங்கியபோது ஒரு முன்னேற்பாடு செய்தார்கள். தலைத்தோலுக்கு அடியில் ஒரு சின்னக் குமிழைப் பொருத்தி, அதிலிருந்து ஒரு குழாயை மூளைக்குள் திரவம் நிறைந்த பகுதிவரை விட்டார்கள். அழுத்தம் ஏறினால் அதன் வழியாகத் திரவத்தை வெளியே எடுக்கலாம். 1960-களில் பாகிஸ்தானில் பிறந்த மூளை அறுவை நிபுணர் அயூப் ஒம்மாயா வடிவமைத்த கருவி அது, இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது.

அதே குழாய் இன்னொரு வேலைக்கும் பயன்பட்டது. முதல் தவணை கார்-டி செல்களை நரம்பு வழியாக ரத்தத்தில் ஏற்றினார்கள். பலன் தெரிந்தவர்களுக்கு அடுத்தடுத்த தவணைகளை இந்தக் குழாய் வழியாக நேராக மூளைத் திரவத்துக்குள் செலுத்தினார்கள்.

சரி, 11 பேருக்கு என்ன ஆச்சு?

2024-ல் வெளியான முடிவுகள் இவை:

• பரிசோதனையில் சேர்ந்தவர்கள் 13 பேர். சிகிச்சை ஏற்றப்பட்டது 11 பேருக்கு. மூளைத்தண்டிலோ தண்டுவடத்திலோ இந்த வகைக் கட்டி இருந்தவர்கள் இவர்கள்.

• 9 பேருக்கு நடை, பார்வை, உணர்ச்சி போன்ற நரம்பு சார்ந்த செயல்பாடுகளில் முன்னேற்றம் தெரிந்தது.

• 4 பேருக்குக் கட்டியின் அளவு பாதிக்கும் மேல் சுருங்கியது. 52, 54, 91, 100 சதவீதம். இன்னும் 3 பேருக்குச் சிறிய அளவில் சுருங்கியது.

• 100 சதவீதம் என்ற அந்த ஒருவர், ஆய்வு வெளியான நேரத்தில் 30 மாதங்களுக்கு மேலாகக் கட்டி இல்லாமல் இருந்தார்.

• நரம்பு வழியாக அதிக அளவு செல்கள் கொடுக்கப்பட்ட 8 பேரில் 3 பேருக்கு மிகக் கடுமையான பக்கவிளைவு வந்தது. எதிர்ப்பு சக்தி கட்டுமீறிப் பொங்கும் நிலை அது. 11 பேருக்குமே கட்டி இருந்த இடத்தில் அழற்சியால் நரம்புப் பிரச்சினை வந்தது. தீவிரக் கண்காணிப்பில் வைத்துச் சமாளித்தார்கள்.

• நோய் கண்டுபிடிக்கப்பட்டதில் இருந்து உயிரோடு இருந்த காலத்தின் இடைநிலை அளவு 20.6 மாதங்கள்.

இந்த எண்களை எப்படிப் படிக்கணும்?

டேட்டாவோடு வேலை பார்க்கிற ஒருவராக, இங்கேதான் கொஞ்சம் நிற்கச் சொல்வேன்.

'வழக்கமாக ஓராண்டுக்கும் குறைவு, இங்கே 20.6 மாதம், அப்போ ஆயுள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு' என்று கழித்துப் பார்க்கத் தோன்றும். அப்படிச் சொல்ல முடியாது. ஏன் என்றால் மூன்று காரணங்கள்.

முதலாவது, எண்ணிக்கை. 11 பேரை வாழ்ந்த கால வரிசையில் நிறுத்தினால், ஆறாவதாக நிற்பவரின் காலம்தான் இடைநிலை அளவு. ஒரே ஒருவரின் நிலை மாறினாலும் இந்த எண் ஆடும்.

இரண்டாவது, இதற்குள் நுழைந்தவர்கள் யார் என்பது. கதிர்வீச்சு முடியும்வரை தாக்குப்பிடித்து, அதன் பிறகும் இவ்வளவு கடினமான சிகிச்சையைத் தாங்கும் நிலையில் இருந்தவர்கள்தான் இதில் சேர முடியும். நோய் கண்ட சில மாதங்களிலேயே இறந்தவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். பொதுவான கணக்கில் அவர்களும் உண்டு. இரண்டையும் நேராக ஒப்பிட்டால் சிகிச்சை இருப்பதைவிட நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, ஒப்பிட இன்னொரு குழு இல்லை. இது முதல் கட்டப் பரிசோதனை. 'பாதுகாப்பானதா, எவ்வளவு கொடுக்கலாம்' என்பதுதான் அதன் முதல் கேள்வி. 'ஆயுளைக் கூட்டுமா' என்பதற்கு விடை சொல்ல அதை வடிவமைக்கவே இல்லை.

அப்போ இது பெரிய விஷயம் இல்லையா? பெரிய விஷயம்தான். டிஐபிஜி தானாகச் சுருங்குகிற கட்டி இல்லை. அதனால் ஒரு கட்டி முழுசாக மறைந்து, இரண்டரை ஆண்டுகள் வராமல் இருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. சிகிச்சை வேலை செய்ய 'முடியும்' என்பதற்கு அது சாட்சி. எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம் என்பதற்கான விடை, அதிகப் பேரை வைத்து நடத்தும் பரிசோதனைகளில்தான் கிடைக்கும்.

இந்தியாவில் நிலைமை என்ன?

இந்தியாவில் முதல் கார்-டி சிகிச்சை 2021 ஜூனில் மும்பை டாடா மெமோரியலில் கொடுக்கப்பட்டது. ஐஐடி பாம்பேயில் பேராசிரியர் ராகுல் புர்வாரின் குழு உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. இது சிடி19-ஐக் குறிவைப்பது. சில வகை லுகேமியா, லிம்ஃபோமா நோய்கள் மற்ற சிகிச்சைகளுக்குப் பிறகும் திரும்பி வந்தவர்களுக்கானது. அமெரிக்காவின் முதல் கார்-டி சிகிச்சை அறிமுகமானபோது அதன் விலை 4,75,000 டாலர். இந்தியத் தயாரிப்பு அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் வந்தது. பத்தில் ஒரு பங்கு என்றாலும் அது பல லட்சங்கள். சாதாரணக் குடும்பத்துக்கு இன்னும் எட்டாத தொகைதான்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனை வேறொரு வழியை முயன்றது. செல்களை வெளியே தொழிற்சாலைக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்குள்ளேயே சுமார் 9 நாட்களில் தயாரித்து, 10 நோயாளிகளிடம் பரிசோதித்து 2025-ல் முடிவுகளை வெளியிட்டது. நோய் வேகமாக ஏறும்போது காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் முக்கியம் என்பதால் இது கவனிக்க வேண்டிய முயற்சி.

ஆனால் இவை எல்லாமே ரத்தம் சார்ந்த புற்றுநோய்களுக்கு. மூளைக்கட்டிக்கு அனுமதி பெற்ற கார்-டி சிகிச்சை இந்தியாவிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. டிஐபிஜி வகைக் கட்டி திரும்பி வளரும் நோயாளிகளில், அந்த மரபணுப் பிழை உள்ளவர்களுக்காக 'டார்டாவிப்ரோன்' என்ற வாய்வழி மருந்துக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விரைவு அனுமதி கொடுத்தது. அதுவும் எல்லோரிடமும் வேலை செய்யும் மருந்து இல்லை.

அடுத்த முறை அப்படி ஒரு ஃபார்வேர்டு வந்தால்?

உங்கள் வீட்டிலோ, நண்பர் வீட்டிலோ யாருக்காவது புற்றுநோய் என்றால், 'இதைப் பார்த்தீங்களா' என்று அனுப்புவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. எந்தப் புற்றுநோய்? லுகேமியாவில் வேலை செய்தது மூளையில் அப்படியே செய்யாது.

2. எலியிலா, மனிதரிலா? மனிதர் என்றால் எத்தனை பேர்?

3. 'பலன் தெரிந்தது' என்றால் என்ன? கட்டி சுருங்கியதா, மறைந்ததா, திரும்பி வந்ததா, எத்தனை மாதம் கழித்து?

4. அனுமதி பெற்ற சிகிச்சையா, பரிசோதனையா? இந்தியாவில் முறையாக நடக்கும் மருத்துவப் பரிசோதனைகள் அரசின் சிடிஆர்ஐ பதிவேட்டில் இருக்கும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். சோதனைச் சிகிச்சைக்கே லட்சக்கணக்கில் பணம் கேட்டால், கையெழுத்துப் போடும் முன் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்டான்ஃபோர்ட் குழுவின் முன்னால் இப்போது இருப்பதும் எளிமையான ஒரு கேள்விதான். அந்த ஒருவருக்குக் கட்டி முழுசாக மறைந்தது. ஏன் மற்ற பத்துப் பேருக்கு மறையவில்லை? அடையாளம் தப்பிவிட்டதா, டி செல்கள் களைத்துவிட்டதா, கட்டியைச் சுற்றியுள்ள வேறு ஏதாவது தடுத்ததா? லுகேமியாவில் மக்கால் இதே மாதிரிக் கேள்விகளோடு பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். அங்கே சில விடைகள் கிடைத்தன. மூளையில் தேடல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.